ஏழாம் வண்டி ஏன் நிற்கிறது

தூத்துக்குடியில் குளிர் தானாகக் கிடைக்காது. வேண்டுமென்றால் தயாரித்துத்தான் ஆகவேண்டும். துறைமுகச் சாலையில் இருந்த அந்த இறால் கிடங்கில் அதைத் தயாரித்து, ஒரு தெப்பக்குளம் அளவுக்குத் தேக்கி வைத்திருந்தார்கள். உள்ளே மைனஸ் இருபத்தைந்து. முதல் நாள் நான் உள்ளே போனதும் தும்மினேன். தும்மல் கீழே விழுந்து உடைந்தது. பக்கத்தில் நின்ற லோடுமேன் இசக்கி அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "பாத்துப் போங்க அண்ணாச்சி, கால்ல குத்திரும்" என்றான்.

நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். மீதிப் பாதியே ஸ்வெட்டர் கேட்கும்.

இசக்கி அந்த நகைச்சுவையைச் சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அங்கே யார் முகத்திலும் எதுவும் இல்லை. எல்லார் கழுத்திலும் மட்டும் ஒன்று இருந்தது. விரல் அகலத்தில் சாம்பல் நிறப் பட்டை.

"என்னல இது, ஊரே சேந்து ஒரே மாதிரி கட்டியிருக்கிய?"

"மரப்புப் பட்டி அண்ணாச்சி. பிடரியில நரம்பு மேல உக்காந்துக்கிடும். குளிரு, வலி எதையும் தலைக்குப் போக விடாது. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் திருப்பிக்கிடலாம். முன்னால அரை மணிக்கு ஒருக்க வெளிய விட்டாவ, கை கால சூடு பண்ண. இப்ப காலைல உள்ள போனா சாயந்தரந்தான். வெளிய வரும்போது நர்ஸம்மா விரல எண்ணிப் பாத்து அனுப்பும்."

"அப்போ குளிரே தெரியாதா?"

"தெரியும். ஆனா அது நமக்கில்ல, பக்கத்துல நிக்கவனுக்குன்னு தோணும்."

"வேற எதுவும் தெரியாமப் போகுமோ?"

இசக்கி தன் பட்டியைத் தொட்டுக் காட்டினான். "அதுக்குத்தான் பாதிப் பேரு வீட்டுக்கும் கட்டிக்கிட்டுப் போறான். நான் ரெண்டுல வச்சிருக்கேன். அதான் கொஞ்சம் பேச்சு வருது. மூணுக்கு மேல போனா பேசணும்னே தோணாது."

என்னை அங்கே வரவழைத்தவர் மேனேஜர் கோமதிநாயகம். துறைமுகத்தின் எலக்ட்ரிக்கல் ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஊரில் மிக்ஸி நின்றாலும் கிரேன் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நானும் கூச்சமில்லாமல் போய்விடுவேன். வீட்டில் இருந்தால் என் மனைவி என்னையே கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுவாள்.

"ஏழாம் நம்பர் ஃபோர்க்லிஃப்ட் அண்ணாச்சி" என்றார் கோமதிநாயகம். குரல் ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி சமமாக இருந்தது. "ஓடிக்கிட்டே இருக்கும். திடீர்னு மோட்டாருக்குக் கரண்ட் போகாம நின்னுரும். கொஞ்ச நேரம் கழிச்சு அதுவா ஓடும். கம்பெனிக்காரங்க வந்து கன்ட்ரோலர மாத்துனாங்க, கேபிள மாத்துனாங்க, பேட்டரி, ஆக்சிலரேட்டர், எல்லாம் மாத்தியாச்சு. சீட்டு ஏற்கெனவே புதுசு. இன்னும் நிக்குது."

உண்மைதான். அந்த வண்டியில் பழையது என்று மிஞ்சியிருந்தது ஹாரனும் ஓட்டுநரும் மட்டுமே.

ஓட்டுநர் பெயர் பெல்சிட்டா. முப்பது வயது இருக்கும். தலையில் குல்லாய், உடம்பில் ஏழு பேர் குடித்தனம் செய்யலாம் போன்ற கோட்டு. நான் மீட்டரும் ஸ்க்ரூ டிரைவருமாகப் போய், "என்னம்மா கோளாறு?" என்றேன்.

"நிக்குது."

"எப்போ?"

"ஓடும்போது."

இதைவிடத் துல்லியமான புகாரை என் நாற்பது வருட வேலையில் கேட்டதில்லை.

"வேற ஆள உக்கார வச்சு ஓட்டிப் பாத்தியளா?" என்று இசக்கியிடம் கேட்டேன். வண்டி தகராறு செய்தால் முதலில் ஆளை மாற்றிப் பார்ப்பதுதான் முறை.

"இந்த வண்டியில யாரும் ஏற மாட்டாவ அண்ணாச்சி" என்றான். "போன வருசம் இதுல மாட்டித்தான் ஒரு பையன் செத்துப் போனான். ஜெனிஸ்டன்னு, எங்க செட்டுல லோடுமேன். அதுல இருந்து பெல்சிக்கா மட்டுந்தான் ஓட்டுது."

பெல்சிட்டா இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கண்ணாடியில் படிந்த பனியைக் கையுறையால் துடைத்துவிட்டு, பெட்டிகள் அடுக்கிய அடுத்த பாலெட்டைத் தூக்கப் போனாள்.

எனக்கு ஈரத்தின் மேல்தான் சந்தேகம். குளிரில் இருந்து வண்டி வெளி வாசலுக்கு வரும்போது, நம் ஊர்ப் புழுக்கம் பட்டு அதன் மேலெல்லாம் வேர்த்துவிடும். மறுபடி உள்ளே போனால் அந்த வேர்வை உறையும். கனெக்டர்களுக்குள் இதுவே நடந்தால் கரண்ட் வரும், போகும். ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றி, சூடான காற்றடித்து, துடைத்து, கிரீஸ் பூசி, மேனேஜர் அறைக்குப் போய் "முடிஞ்சது சார், இனி இந்த வண்டி திருச்செந்தூர் வரைக்கும் நிக்காமப் போகும்" என்று அறிவித்தேன். நான் படியிறங்கி வருவதற்குள் வண்டி மூன்றாவது வரிசையில் நின்றிருந்தது.

சரி, கூடவே போய்ப் பார்ப்போம் என்று வண்டியின் பின்படியில் தொற்றிக்கொண்டேன். விதிப்படி அங்கே ஆள் நிற்கக் கூடாது. சீட்டுக்கு அடியில் இருந்து வரும் வயர்களில் மீட்டரை மாட்டிக் கையில் பிடித்துக்கொண்டேன். சும்மா நிற்க எனக்கு வராது. என் கல்யாணத்தில் சாம்பார் அண்டா கவிழ்ந்து பந்தியே மிதந்ததை, கப்பல் கிரேனில் நான் தொங்கிக்கொண்டே இலங்கைக் கரையைப் பார்த்ததை எல்லாம் பெல்சிட்டாவிடம் சொல்லிக்கொண்டே போனேன்.

"அப்படியா" என்பாள். "பெறவு?" என்பாள். அவ்வளவுதான்.

வண்டி நிற்கவே இல்லை! பகல் முழுக்க வெண்ணெய் மாதிரி ஓடியது. சாயந்தரம் நான் இறங்கி வாசலைத் தாண்டினேன், நின்றுவிட்டது. மறுநாளும் இதே கதை. நான் இருந்தால் ஓடும், போனால் நிற்கும். பல் வைத்தியர் வாசலில் பல்வலி மறைவது மாதிரி, மெக்கானிக்கைக் கண்டால் கோளாறு ஒளிந்துகொள்வது எங்கள் தொழிலில் பழகிய விஷயம். ஆனால் இப்படி ஆள் பார்த்து நடந்துகொள்ளும் கோளாறை நான் கண்டதில்லை.

"ஒங்களப் பாத்தா வண்டிக்குப் பயம் அண்ணாச்சி" என்றான் இசக்கி. "பேசாம ஒங்களையே வண்டியில வெல்டு பண்ணிருவமா?"

பல்லைச் சொன்னேன் அல்லவா, விடையும் பல்லில் இருந்துதான் வந்தது. எனக்குக் கட்டுப்பல். அதைப் பிடித்திருக்கும் கம்பி அந்தக் குளிரில் ஈறில் பனிக்கட்டியாக ஒட்டிக்கொண்டது. வலி தாங்காமல் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பல் இல்லாமல் ஒரு பெண்பிள்ளையிடம் பேச என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு பின்படியில் நின்றேன். என் வாழ்நாளில் நான் பேசாமல் இருந்த மிக நீண்ட நேரம் அதுதான்.

வண்டி நின்றுவிட்டது.

மீட்டரைப் பார்த்தேன். மோட்டார் சரி, பேட்டரி சரி, கன்ட்ரோலர் சரி. சீட்டில் இருந்து 'ஆள் இருக்கிறார்' என்று சொல்ல வேண்டிய வயர் மட்டும் செத்துக் கிடந்தது. பெல்சிட்டாவைப் பார்த்தேன். கை ஸ்டியரிங்கில், கால் மிதியில், கண் எதிரே. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

"பெல்ஷித்தா" என்றேன் பொக்கை வாயால்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வயரில் உயிர் வந்தது. வண்டி நகர்ந்தது.

வாயை மூடினேன். கொஞ்ச நேரத்தில் நின்றது. கூப்பிட்டேன். ஓடியது. அதற்கு மேல் சோதனை செய்ய எனக்கு மனம் வரவில்லை.

வெளியே வந்து, பல்லை மாட்டிக்கொண்டு, அந்தச் சீட்டைச் செய்த சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு இன்ஜினியர் பெண்.

"பழைய சீட்டுல வெறும் எடைதான் சார் பாக்கும்" என்று பொறுமையாகச் சொன்னாள். "எடை இருந்தா ஆள் இருக்குன்னு வண்டி ஓடும். எங்க புது சீட்டு அசைவையும் பாக்கும். ஆளுன்னா சும்மா உக்கார முடியாது. காலை மாத்துவாங்க, முதுகை நெளிப்பாங்க, குளிர்ல நடுங்குவாங்க, ஒரு குலுங்கல் வந்தா இடுப்புல பிடிப்பாங்க. மூட்டை இதெல்லாம் செய்யாது. மூட்டைக்கு வண்டி ஓடக் கூடாதுன்னுதான் இதைச் செஞ்சதே."

"எந்த மூட்டைம்மா?"

"உப்பு மூட்டை. உங்க கிடங்குலதானே சார் அந்த ஆக்சிடெண்ட் நடந்துச்சு? உங்களுக்குத் தெரியாதா?"

தெரியவில்லை. பெல்சிட்டாவைத்தான் கேட்டேன். சாப்பாட்டு நேரத்தில் வெளி வாசலில், வெயிலில், ஒரு காலி பாலெட்டின் மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கோட்டைக்கூட அவள் கழற்றவில்லை.

"வண்டிய விட்டு எறங்குனா மோட்டார் கட் ஆயிரும்லா" என்றாள். "திரும்ப ஏறுனா, இந்தக் குளுருல அது எல்லாத்தையும் சோதிச்சுப் பாத்துட்டு மெதுவாத்தான் கெளம்பும். பெட்டி ஒண்ணு சரிஞ்சா எறங்கி நேராக்கணும். ஒவ்வொரு தடவையும் காத்து நின்னா லோடு ஓடாது. அதுக்காண்டி ஒரு மூட்டை உப்பு பக்கத்துலயே இருக்கும். எறங்கும்போது அதத் தூக்கி சீட்டுல வச்சுருவோம். வண்டி நம்மதான் இருக்கோம்னு நெனச்சுக்கிடும். எல்லாரும் செய்யறதுதான்."

ஒரு வாய்ச் சோறு. மென்றாள்.

"அன்னைக்கும் வச்சிட்டு எறங்குனேன். மேல இருந்து ஒரு இறால் பெட்டி சரிஞ்சு மிதி மேல விழுந்துச்சு. சீட்டுல உப்பு, மிதியில இறால். வண்டி நேரா ஓடிப் போச்சு. ரேக் பக்கத்துல ஜெனிஸ்டன் நின்னான்."

"நீ கூப்பிடலயாம்மா?"

"கூப்புட்டேன். அவன் திரும்பி வண்டியப் பாத்து சிரிச்சான். அக்காதான வண்டியில இருக்குன்னு நெனச்சிட்டான்."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. "அக்காவா?"

"எங்கூடப் பொறந்த தம்பி" என்றாள். மீன் துண்டில் இருந்து முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள்.

நான் வாயாடி. எமன் வந்தாலும் வாசலில் நிறுத்தி அரை நாள் பேசுவேன் என்று என் மனைவி சொல்லுவாள். அந்த இடத்தில் எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. "பட்டிய எத்தனையில வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"அஞ்சு."

"வீட்லயுமா?"

"வீட்லதான் முக்கியமா."

"மூணுக்குக் கொறச்சா ஒடம்பு அசையும், வண்டி நிக்காது."

"மூணுல அவன் சத்தம் கேக்கு அண்ணாச்சி."

"நாலு?"

"நாலுல எங்கம்மா மூஞ்சி தெரியுது."

டிபன் பாக்ஸை மூடினாள். "வண்டி இப்படியே நின்னா சனிக்கெழமையோட என்ன அனுப்பிருவாவ. வேலை போறது பெருசில்ல. பட்டி கம்பெனியோடது. கழட்டி வாங்கிருவாவ. அது பயப்பட வேண்டிய விஷயம்னு எனக்குத் தெரியுது. அஞ்சுல பயம் வராது, அதனால பயப்படல. நீங்க அந்த சீட்டு வயர ரெண்டையும் சேத்து முறுக்கி விட்டுருங்க. ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் ஓடட்டும்."

சனிக்கிழமையும் வந்தது. வாசலில் கன்டெய்னர் வாயைத் திறந்துகொண்டு நின்றது. சாயந்தரத்துக்குள் நிரப்பித் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும், கப்பல் காத்திருக்காது. காலையில் இருந்தே ஏழாம் வண்டி நின்று நின்று, மற்ற வண்டிகளும் அதன் பின்னால் வரிசையில் மாட்டிக்கொண்டன.

கோமதிநாயகம் குல்லாயும் மஃப்ளருமாக உள்ளே வந்தார்.

"வயரச் சேத்து விடுங்க அண்ணாச்சி. இல்லன்னா பெல்சிட்டா இன்னைக்கோட கணக்க முடிச்சுக்கிடட்டும்."

விரல் நீளம்கூட வேண்டாம், ஒரு துண்டு வயர். கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். இசக்கியும் இன்னும் ஐந்தாறு பேரும் அந்த வண்டிக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

"மாட்டேன் சார்" என்றேன். "அந்த சீட்டு பொய் சொல்லல. இந்தப் பிள்ளை இருக்கிற இருப்புல ஒரு பெட்டி விழுந்தாலும் ஒரு ஆள் விழுந்தாலும் பிரேக் மிதிக்க நேரம் எடுக்கும். இவுங்க யாருக்காவது ஒண்ணு ஆனா?"

"போட்டுருங்க அண்ணாச்சி" என்றாள் பெல்சிட்டா வண்டியில் இருந்தபடியே.

"ஒரு ஆள ஆள்னு தெரிஞ்சுக்க முடியாத சீட்டுலதான் கோளாறு" என்றார் கோமதிநாயகம். "நீ எறங்கு. நான் உக்காந்து காட்டுதேன்."

சுற்றி நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். அந்த வண்டியில் வேறு யாரும் ஏறி ஒரு வருடம் ஆகிறது. கோமதிநாயகம் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளக் காத்திருந்தார். மிதித்தார்.

வண்டி நகரவில்லை.

இன்னும் அழுத்தி மிதித்தார். பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒன்றும் இல்லை.

"சார், முதுக லேசா நெளிங்க" என்றேன்.

நெளித்தார். வண்டி ஒரு முழம் போயிற்று. மறுபடி நின்றது.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "சார், பட்டி எத்தனையில இருக்கு?"

அவர் மஃப்ளரைத் தொட்டார். "குளிருக்குப் போட்டது" என்றார்.

"ஒங்க ரூம்ல ஹீட்டர்லா ஓடுது" என்றான் இசக்கி.

பெல்சிட்டா வண்டிக்குப் பக்கத்தில் வந்து அவரையே பார்த்தாள். "எத்தனையில சார்?"

"அஞ்சு."

"என்னையில இருந்து?"

"விசாரணை முடிஞ்ச அன்னையில இருந்து."

"மூட்டை வைக்கிறதே தெரியாதுன்னுதான விசாரணையில சொன்னிய."

"ஆமா."

"மூட்டைய வாங்கிப் போட்டது யாரு?"

"நாந்தான். உப்பளத்துல சொல்லி வண்டிக்கு ஒண்ணா எறக்கச் சொன்னேன். லோடு வேகமாப் போகும்னு."

சாவைப் பற்றிய பேச்சு அது. இரண்டு பேரும் திருநெல்வேலி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்வது போலப் பேசினார்கள். ஒரு குரலும் ஏறவில்லை.

பெல்சிட்டா என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, எனக்கு இப்ப கோவம் வரணும்லா?"

"வரணும்மா."

"வர மாட்டுக்கே."

வரப் போகிற தும்மலுக்குக் காத்திருப்பது மாதிரி கொஞ்ச நேரம் நின்றாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். வரவில்லை. கையுறையைக் கழற்றினாள். பிடரிக்குக் கையைக் கொண்டு போனாள். அந்தச் சின்னத் திருகு திரும்பும் சத்தம் எனக்குக் கேட்டது: டிக், டிக், டிக். பிறகு பட்டி மொத்தமாகவே அவள் கையில் வந்துவிட்டது.

முதலில் வந்தது குளிர். ஒரு வருடக் குளிர் மொத்தமாக வந்து அறைந்தது போல உடம்பு தூக்கிப் போட்டது. பற்கள் அடித்துக்கொண்டன. இசக்கி தன் கோட்டைக் கழற்றி அவள் மேல் போடப் போனான், தள்ளிவிட்டாள். பிறகுதான் அது வந்தது.

"எறங்கும் வே!"

அதுவரை எங்கள் ஊரில் எந்த மேனேஜரையும் எந்தப் பெண்ணும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கோமதிநாயகம் இறங்கினார். அவள் ஏறினாள். ஏறியதில் இருந்து ஆரம்பித்தாள். "ஒம்ம மூட்டைக்குத்தான் வே எந்தம்பி செத்தான்! ஒம்ம லோடுக்கு! நான் மூட்டைய வச்சேன், நான் பாவி, ஒத்துக்கிட்டேன்! நீரு எங்கம்மா முன்னால நின்னு, 'ஒங்க மகளோட கவனக்குறைவு'ன்னு சொன்னீரே, அந்த வாய இப்ப எங்க வே வச்சிருக்கீரு!"

வண்டி பறந்தது. ஒவ்வொரு முறை பாலெட்டோடு அவரைக் கடக்கும்போதும் விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தாள். போகும்போது அவர், வரும்போது அவர் பரம்பரை. அழுகை கன்னத்தில் உறைந்து உரிந்தது, துடைத்துக்கொண்டு மேலும் திட்டினாள். அவள் போட்ட சத்தத்தில் கூரைப் பனி பொலபொலவென்று உதிர்ந்தது, கம்ப்ரஸர் இரண்டு தடவை திணறியது, கன்டெய்னரில் இருந்த இறால்கள் ஒரு பக்கமாக ஒதுங்கிப் படுத்தன. பாதியைத் தள்ளிவிடுங்கள். சீட்டு வயரில் இருந்த என் மீட்டர் முள் மட்டும் ஒரு தடவைகூட இறங்கவில்லை. அதில் ஒரு மயிரளவும் கூட்டிச் சொல்லவில்லை.

நடுவில் விரல் விறைத்து வெளியே ஓடி வந்தாள். இசக்கி அவள் கைகளைப் பிடித்துத் தேய்த்துவிட்டான். "பெல்சிக்கா, கையில உசுரு இருக்கு" என்றான். "வலிக்குதுல, விடு" என்று அவனையும் இரண்டு திட்டுத் திட்டிவிட்டு மறுபடி உள்ளே போனாள்.

இத்தனைக்கும் கோமதிநாயகம் வைத்த இடத்தில் நின்றார். அவள் பேசப் பேசத் தலையை ஆட்டினார். ஒரு முகச்சுளிப்பு இல்லை. மழை பெய்யும்போது மதில் நிற்குமே, அப்படி.

கடைசி பாலெட் ஏறி, கன்டெய்னர் கதவு சாத்தப்பட்டது. பெல்சிட்டா வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்துவிட்டாள். தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்தது. முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. நான் வண்டியை அணைக்கப் போகவில்லை.

கோமதிநாயகம் மெல்ல நடந்து வந்தார். மஃப்ளரை அவிழ்த்தார். பிடரியில் கையை வைத்தார். திருகு திரும்பத் திரும்ப அவர் முகம் ஒவ்வொரு தசையாக இளகி, எனக்குத் தெரியாத வேறு ஒரு முகம் ஆயிற்று. பட்டியைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டார். வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பெல்சிட்டா" என்றார். "மொதல்ல இருந்து சொல்லும்மா. இப்பத்தான் கேக்குது."